"மயக்க ஊசி போட்டால் அம்மா எழுந்திருப்பாரா?"

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 58 வயது, பித்தப்பையில் கல், லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். சுகர் 12 வருடமாக இருக்கிறது, பி.பி.யும் உண்டு. ஆபரேஷனுக்குப் பயமில்லை, மயக்க மருந்துக்குத்தான் பயம். டோஸ் கூடிப்போய் எழுந்திருக்காமல் போய்விட்டால்? எனக்கு சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால் இன்றுவரை இடுப்பு வலிக்கிறது, அம்மாவுக்கும் அதையே போடுவார்களா?" கூடவே பாதியில் முழிப்பு வருமா, உளறுவார்களா, ஞாபகமறதி வருமா, அக்கா பையனுக்கு ஒரு வயதில் ஹெர்னியா ஆபரேஷன் செய்யலாமா என்று துணைக் கேள்விகள் நாலைந்து.

நான் மயக்க மருந்து டாக்டர். இந்தக் கேள்வியை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள், அதுவும் ஸ்ட்ரெச்சர் உள்ளே போகிற கடைசி நிமிஷத்தில், கையைப் பிடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் "ஒன்றும் ஆகாதும்மா, தைரியமாக இருங்க" என்பதற்கு மேல் சொல்ல வழியில்லை. இப்போது நேரம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த "டோஸ்" பயம். நிறைய பேர் மனதில் இருக்கிற சித்திரம் என்னவென்றால், ஆரம்பத்தில் ஒரு ஊசி போடுவார்கள், அதன் அளவு சரியாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் எழுவோம், கூடிவிட்டால் எழ மாட்டோம் என்பது. நடப்பது அப்படி இல்லை. தூங்க வைப்பதற்குப் போடுகிற ஊசி பெரும்பாலும் புரோபோஃபால், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஏறும்போது கையில் கொஞ்சம் எரியும். அதன் ஒரு டோஸ் ஐந்து பத்து நிமிஷத்துக்குத்தான் தாங்கும். அதற்குள் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் வைத்து, ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் மாதிரி ஒரு வாயுவை மூச்சோடு மூச்சாகத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருப்போம். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு திருகில் இருக்கிறது. சர்ஜன் தையல் போட ஆரம்பித்ததும் குறைப்போம், முடிந்ததும் நிறுத்துவோம், உள்ளே போன வாயு மூச்சிலேயே வெளியேறிவிடும். தசைத் தளர்வை முறிக்க இன்னொரு ஊசி. வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் "அம்மா, கண்ணைத் திறங்க" என்றால் திறப்பார்கள். இவ்வளவு நேரமும் நானோ என்னைப் போல ஒருவரோ தலைமாட்டில்தான் இருப்போம், இதயத்துடிப்பு, பி.பி., ரத்தத்தில் ஆக்ஸிஜன், வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு என்று ஒவ்வொன்றையும் பார்த்தபடி. ஊசியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம் என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். (டீ குடிக்க ஆசைதான், யாராவது மாற்ற வந்தால்.)

அப்படியானால் ஆபத்தே கிடையாதா? உண்டு. வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு, அவசரமில்லாத ஆபரேஷனில், மயக்க மருந்தால் உயிர் போவது சுமார் ஒரு லட்சத்தில் ஒருவருக்கு என்ற கணக்கை பிரிட்டனில் நோயாளிகளுக்குச் சொல்கிறார்கள். சுகர், இதய நோய், வயது, அவசர ஆபரேஷன் என்று சேரச் சேர இது கூடும். ஆனால் அந்த ஆபத்து வருகிற வழி நீங்கள் நினைக்கிற "டோஸ்" வழி இல்லை. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போவது, டியூப் போட முடியாத தொண்டை, யாருக்கும் தெரியாமல் இருந்த இதயக் கோளாறு, எங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். இந்தக் கடைசிதான் எனக்கு நிஜமாகவே பயம் தருவது. இத்தனை வருடத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டிய கேஸ்களை எண்ணினால் பாதிக்கு மேல் யாரோ எதையோ மறைத்ததால் வந்தவை. கெட்ட எண்ணத்தில் யாரும் மறைப்பதில்லை, இது ஒரு விஷயமா என்று விட்டுவிடுவார்கள், அல்லது பக்கத்தில் மாமியார் நிற்பார்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். மயக்கத்தில் விழுங்குவது, இருமுவது எல்லாம் நின்றுவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குப் போகும், அமிலத்தோடு. அதற்காகத்தான் வெறும் வயிறு. கணக்கு சுலபம்: இட்லி, ரொட்டி மாதிரி லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம், பிரியாணி, பரோட்டா, எண்ணெயில் பொரித்தது என்றால் 8 மணி நேரமோ அதற்கு மேலோ, தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிந்த நீர் ஆகாரம் 2 மணி நேரம். தெளிந்தது என்றால் தண்ணீர், இளநீர், பால் சேர்க்காத டீ. பால் கலந்த காபியும் மோரும் கஞ்சியும் இந்தக் கணக்கில் வராது, பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து திட உணவு மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒரு அம்மா, குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர், ஒன்றும் சாப்பிடவில்லை என்று மூன்று பேரிடம் சொன்னார், என்னிடமும் சொன்னார். மருந்து கொடுத்த அடுத்த நிமிஷம் தொண்டையில் காபி. தலையைத் தாழ்த்தி, உறிஞ்சி எடுத்து, எப்படியோ தப்பித்தோம். மறுநாள் கேட்டதற்கு, "காபி சாப்பாடா டாக்டர்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் கேட்டது "சாப்பிட்டீர்களா" என்றுதான். அன்றிலிருந்து "காலையில் எழுந்ததிலிருந்து வாய்க்குள் என்னென்ன போயிற்று" என்று கேட்கிறேன். நேர் எதிரான தப்பும் நடக்கிறது, முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கே சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாம் என்று நிறுத்திவிட்டு மறுநாள் மதியம் ஆபரேஷனுக்கு வாடி வதங்கி வருவார்கள். உங்கள் அம்மாவுக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன் என்று கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். சுகர் அதிகமாக இருந்தாலோ வயிறு மெதுவாகக் காலியாகிறவராக இருந்தாலோ டாக்டர் இன்னும் கூட்டிச் சொல்லலாம், அதைக் கேளுங்கள்.

மாத்திரை விஷயம் உங்கள் அம்மாவுக்கு ரொம்ப முக்கியம். சுகர் மாத்திரையைக் காலையில் பழக்க தோஷத்தில் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்தால் சுகர் இறங்கி, மயக்கம் நான் கொடுப்பதற்கு முன்பே வந்துவிடும். அதைவிட நுட்பமானது டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று பெயர் 'க்ளிஃப்ளோசின்' என முடிகிற வகை, சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகிற மாத்திரைகள். இப்போது நிறைய பேருக்கு எழுதுகிறார்கள், சில சமயம் வேறு மாத்திரையோடு சேர்த்து ஒரே மாத்திரையாக இருக்கும், சாப்பிடுகிறவருக்கே தெரியாது. இவற்றை வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ஏனென்றால் பட்டினியோடு சேரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம், அப்போது சுகர் மெஷினில் பார்த்தால் அளவு சாதாரணமாகவே காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. பி.பி. மாத்திரைகளில் அம்லோடிபின், மெட்டோப்ரோலால் போன்றவற்றைக் காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வது வழக்கம், டெல்மிசார்ட்டன் வகையை அன்றைக்கு விடச் சொல்வோம், மயக்கம் கொடுத்ததும் பி.பி. பொத்தென்று விழும் என்பதால். தைராய்டு மாத்திரை போடலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவற்றை மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம், ஸ்டென்ட் வைத்தவருக்கு நிறுத்துவதே ஆபத்து, இதய டாக்டரும் நாங்களும் பேசி முடிவெடுக்க வேண்டியது. உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசி போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அப்புறம் லேகியம், மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பேர் தெரியாத பொட்டலம். அதில் சில சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் உடம்பு ஆபரேஷன் நேரத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒன்று செய்யுங்கள், மாத்திரை டப்பாவையே பையோடு எடுத்துப் போய் மேஜையில் கொட்டிவிடுங்கள். "மஞ்சள் கலர்ல சின்னதா ஒண்ணு" என்று சொல்வதைவிட அது எங்களுக்கு எவ்வளவோ மேல்.

உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது, ஆனாலும் படிக்கிற மற்றவர்களுக்காக: குடி. தினமும் குடிக்கிறவருக்கு மருந்து அதிகம் தேவைப்படும், ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, டிரிப்ஸைப் பிடுங்கிப்போட்டுப் புலம்ப ஆரம்பிப்பார், வீட்டில் இருப்பவர்கள் "மயக்க மருந்து மூளைக்கு ஏறிவிட்டது" என்பார்கள். முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துத் தடுக்கலாம். மனைவி எதிரில் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் நான் பி.பி. பார்க்கிற சாக்கில் தனியாக அழைத்துப்போய்க் கேட்பேன். போலீஸிடமும் சொல்ல மாட்டோம், மாமனாரிடமும் சொல்ல மாட்டோம். சிகரெட்டும் அப்படித்தான், நாலு வாரம் முன்பே விட்டால் நுரையீரலுக்கு நல்லது, அது முடியாவிட்டாலும் முந்தின நாளாவது விட்டால் ரத்தத்தில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு குறையும்.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்திருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமலே இல்லை என்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள், சித்தி பெரியப்பாவிடம் போனில் கேளுங்கள். டியூப் போடும்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கிற சக்சினைல்கோலின் என்ற மருந்து ஐந்து பத்து நிமிஷத்தில் ரத்தத்தில் உள்ள ஒரு என்சைமால் கரைந்துவிடும். அந்த என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு மணிக்கணக்கில் கரையாது, மூச்சுவிடத் தசை அசையாது. ஆரிய வைசியச் செட்டியார் சமூகத்தில் இது மற்றவர்களைவிட அதிகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் 2006-ல் அதற்குப் பின்னால் இருக்கிற மரபணு மாற்றத்தையே கண்டு வெளியிட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் ஆபரேஷனுக்கு முன் "நீங்கள் செட்டியாரா, எந்தச் செட்டியார்?" என்று கேட்டால் ஜாதி பார்க்கிறார் என்று கோபப்பட வேண்டாம், அவர் அந்த என்சைமைத் தேடுகிறார். தெரியாமல் கொடுத்துவிட்டாலும் உயிருக்கு ஆபத்தாக வேண்டியதில்லை, தூக்கத்திலேயே வைத்து வென்டிலேட்டரில் சில மணி நேரம் காத்திருந்தால் தானாகச் சரியாகும், ஆனால் வெளியே காத்திருக்கிற குடும்பத்துக்கு அந்தச் சில மணி நேரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "எங்க அத்தைக்கு ஆபரேஷன் முடிஞ்சும் ராத்திரி வரைக்கும் மூச்சு வரல" என்ற ஒரு வரி போதும், நாங்கள் வேறு மருந்துக்கு மாறிவிடுவோம். மயக்கத்தில் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதிக்கிற அபூர்வமான இன்னொரு கோளாறும் பரம்பரையாக வருவதுதான், அதையும் இப்படித்தான் பிடிக்க முடியும்.

இப்போது உங்கள் முதுகு. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி உப்ப வைப்பார்கள், அது உதரவிதானத்தை மேலே தள்ளும், மூச்சுவிடுவது சிரமம், அதனால் அம்மாவுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம்தான். முதுகு ஊசி இருக்காது. ஆனால் உங்கள் இடுப்பு வலிக்கு அந்த ஊசியைத் திட்டுவது நியாயமில்லை. தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புக்கிடையில் முடிந்துவிடும், நாங்கள் குத்துவது அதற்குக் கீழே, மிக மெல்லிய ஊசியால். குத்திய இடத்தில் இரண்டு மூன்று நாள் வலி இருக்கலாம். வருடக்கணக்கில் நீடிக்கிற வலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை, சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள், வலுவிழந்த வயிற்றுத் தசை, குனிந்து உட்கார்ந்து பால் கொடுத்தது, குழந்தையை ஒரே இடுப்பில் தூக்கியது, இவை ஒவ்வொன்றும் காரணம். நான் இதை எத்தனை முறை சொன்னாலும் எங்கள் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. போய் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள், நிஜமாகவே குறையும்.

முதுகு ஊசியால் உண்மையில் வரக்கூடியது தலைவலி. உட்கார்ந்தால், நின்றால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் குறையும். ஊசி போட்ட துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் வருவது. 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன் இந்த முறையைத் தன் மேலும் தன் உதவியாளர் மேலும் சோதித்துப் பார்த்தார், உதவியாளரின் காலைச் சுத்தியால் அடித்தும் சுருட்டால் சுட்டும் பார்த்தார்களாம், வலியே இல்லை. சந்தோஷத்தில் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள், பிறகு இருவருக்கும் தலைவலி, பியர் பல நாள் படுக்கையில். ஊசிகள் மெலிந்துவிட்டதால் இப்போது இது வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தாலும் பெரும்பாலும் தானாகப் போகும், போகாவிட்டால் நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் செலுத்தித் துளையை அடைக்கிற வைத்தியம் இருக்கிறது.

பாதியில் முழிப்பு வருமா என்ற பயத்துக்கு சினிமாவும் ஒரு காரணம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2014-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் முழு மயக்கம் கொடுத்தவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இப்படி நினைவு வந்ததாகச் சொல்லியிருந்தார்கள், அதிலும் பலருக்கு அது ஆரம்பத்திலோ முடிவிலோ சில நிமிஷம். அவசர சிசேரியன் மாதிரி, மருந்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டிய சூழலில்தான் அதிகம். அம்மாவுக்கு இதை நினைத்துக் கவலைப்பட மாட்டேன். ஆனால் ஒன்று, எண்டோஸ்கோப்பிக்கும் கண்புரை ஆபரேஷனுக்கும் கொடுப்பது முழு மயக்கம் இல்லை, தூக்கக் கலக்கமோ மரத்துப்போகிற மருந்தோ மட்டும்தான். அதில் பேச்சுக் குரல் கேட்டால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, அது அப்படித்தான். அந்த "லேசான மயக்கம்" என்றால் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தப்பு. லேசாக ஆரம்பித்தது ஆழமாகப் போய்விட யாருக்கும் கடிதம் போட்டுச் சொல்லாது, அதனால் பட்டினிக் கணக்கு ஒன்றேதான்.

உளறுவார்களா? கொஞ்சம் முனகுவார்கள். இத்தனை வருடத்தில் எந்தக் குடும்ப ரகசியமும் என் காதில் விழவில்லை. பெரும்பாலோர் சொல்வது "ஆரம்பிச்சாச்சா?", முடிந்து அரை மணி ஆகியிருக்கும். தொண்டை கரகரப்பு டியூபால், ஒன்றிரண்டு நாள். வாந்தி சிலருக்கு வரும். பெண்கள், சிகரெட் பிடிக்காதவர்கள், பஸ்ஸில் போனால் வாந்தி எடுப்பவர்கள், இந்த மூவருக்கும் வாய்ப்பு அதிகம். அம்மா ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள், முன்கூட்டியே மருந்து போட்டுவிடலாம். ஞாபகமறதி: அறுபது, அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குச் சில நாள் குழப்பம் வரலாம், 58-ல் பித்தப்பை ஆபரேஷனுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம்.

அக்கா பையனுக்கும் பயம் வேண்டாம். 2016-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. குழந்தைகளின் மூளை வளர்ச்சி குறித்து எச்சரித்தது மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுப்பதைப் பற்றி. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த கைக்குழந்தைகளையே எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு முழு மயக்கமும் இன்னொரு பாதிக்கு முதுகு ஊசியும் கொடுத்து, ஐந்து வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, புத்திக்கூர்மையில் வித்தியாசம் இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு மயக்கம் நீடித்ததும் சராசரியாக ஒரு மணி நேரத்துக்குள்தான். ஹெர்னியாவில் குடல் மாட்டிக்கொண்டால் அது வேறு ஆபத்து, தள்ளிப்போட வேண்டாம்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பாவது அம்மாவை மயக்க மருந்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள், "ஃபிட்னஸ்" வாங்குவது என்று சொல்வார்களே அது. சின்ன நர்சிங் ஹோம்களில் நாங்கள் ஆபரேஷன் நேரத்துக்கு வெளியிலிருந்து வருவோம், முதல் சந்திப்பே தியேட்டருக்குள் என்று ஆகிவிடும், அதனால் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்வார், உள்நாக்கு தெரிகிறதா என்று பார்க்கத்தான், டியூப் போடுவது கஷ்டமா சுலபமா என்று ஊகிக்க. ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த மல்லம்பாட்டி என்ற டாக்டர் 1985-ல் வெளியிட்ட முறை, இன்று உலகம் முழுக்க அவர் பெயரில்தான் நடக்கிறது. ஆடுகிற பல் இருந்தால் அப்போதே காட்டுங்கள். கையில் கருமையாக மருதாணியோ நகப்பூச்சோ வேண்டாம், ஒரு விரலாவது சுத்தமாக இருந்தால்தான் ஆக்ஸிஜன் அளக்கிற கிளிப் சரியாகப் படிக்கும். தாலியைக் கழற்ற அம்மா சம்மதிக்க மாட்டார் என்றால் வாசலில் சண்டை போட வேண்டாம், மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு வரட்டும், உலோகம்தான் எங்களுக்குப் பிரச்சினை, கயிறு இல்லை. மெட்டியை முந்தின நாளே சோப்புப் போட்டுக் கழற்றிப் பாருங்கள், இருபது வருடமாகக் கழற்றாதது அன்று காலையில் வராது. பல்செட் இருந்தால் மூடி போட்ட டப்பாவும் கண்ணாடியும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், ரெக்கவரிக்கு வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவார்.